எரியாத பழக்கத்துக்கு எரியாத மாற்றா? உடப்புசல்லாவைத் தோட்டங்களில் வேப் கருவியை எப்படி எடைபோடுவது

கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் தீபாவளிக்குத் தோட்டத்துக்குத் திரும்பும்போது புதுப்புதுச் சாமான்களும் கூடவே வருகின்றன. அவற்றில் ஒன்று விரல் நீளத்தில் இருக்கும் வேப் கருவி. ஒருமுறை இழுத்துத் தீர்த்து வீசுகிற வகை ஒன்று உண்டு. திரவத்தை ஊற்றி நிரப்பி, சார்ஜ் போட்டு மாதக்கணக்கில் பாவிக்கும் வகை இன்னொன்று. விவரம் தெரிந்தவர்கள் இரண்டாவதைத்தான் சிபாரிசு செய்வார்கள்: செலவு குறைவு, குப்பை குறைவு, நிகோட்டின் அளவை நாமே கூட்டிக் குறைக்கலாம். சிகரெட்டை விடுவதற்கு இது உதவும் என்பது வைத்திருப்பவர் வாதம். இதுவும் அதே விஷம்தான் என்பது வீட்டுப் பெரியவர்கள் வாதம்.

இரண்டு வாதத்தையும் சான்றோடு வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. ஏற்கெனவே நிகோட்டினுக்குப் பழகிப்போன வளர்ந்தவர்களைப் பற்றி மட்டுமே இங்கு பேசுகிறோம். இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. அவர்கள் விடயத்தில் எடைபோட எதுவும் இல்லை.

கருவிக்குள் என்ன இருக்கிறது

இப்போது உலகெங்கும் பரவியிருக்கும் வடிவத்துக்கு மூலமாகச் சொல்லப்படுவது சீன மருந்தாளர் ஹொன் லிக் 2003இல் உருவாக்கிய கருவி. அடிப்படை இன்றும் அதுவேதான்: ஒரு லிதியம் பேட்டரி, சிறு கம்பிச் சுருள், அதைச் சுற்றிய பஞ்சு, திரவம் நிற்கும் சிறு தொட்டி. வாயில் வைத்து இழுத்தால் மின்சாரம் பாய்ந்து சுருள் சூடேறும். பஞ்சில் ஊறிய திரவம் ஆவியாகும். புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், வாசனைப் பொருள், நிகோட்டின் ஆகிய நான்கும் சேர்ந்ததே திரவம்.

இழுக்கும்போது சிகரெட்டின் நுனி சுமார் 900 பாகை செல்சியஸ் வரை எரியும். அந்த எரிதலில் பிறப்பவையே தாரும் கார்பன் மொனொக்சைட்டும். புகைபிடிப்பவரைக் கொல்வது பெரும்பாலும் எரிதலில் பிறக்கும் இந்தப் பொருட்களே. அவரைக் கட்டிப்போடுவது நிகோட்டின். வேப்பில் இலை எரிவதில்லை. அதற்காக வெளியே வருவது வெறும் நீராவியும் இல்லை. பஞ்சு காய்ந்த நிலையில் சுருள் சூடேறினால் திரவம் கருகி போர்மல்டிஹைட் போன்ற நச்சுகள் உண்டாகும். தொண்டையைச் சுடும் அந்தக் கருகல் சுவை வந்தவுடன் நிறுத்துவதுதான் பாவிப்பவர் பின்பற்ற வேண்டிய முதல் விதி.

அடுத்தது நிகோட்டின் கணக்கு. ஒரு சிகரெட்டிலிருந்து உடலுக்குள் ஏறுவது ஏறத்தாழ 1 முதல் 1.5 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியம் வேப் திரவத்துக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு மில்லிலீட்டருக்கு 20 மில்லிகிராம். தொட்டி 2 மில்லிலீட்டருக்கு மேல் போகக் கூடாது, நிரப்பும் போத்தல் 10 மில்லிலீட்டருக்கு மேல் போகக் கூடாது. வரம்பில்லாத சந்தைகளில் மில்லிலீட்டருக்கு 50 மில்லிகிராம் திரவமும் கிடைக்கும். அதில் 10 மில்லிலீட்டர் போத்தல் ஒன்றில் நிற்பது 500 மில்லிகிராம் நிகோட்டின். இழுக்கும் பெரியவர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார். தவழ்ந்து வந்து போத்தலை வாயில் கவிழ்க்கும் குழந்தைக்குச் சில மில்லிலீட்டரே உயிராபத்து.

ஆக, கருவியாக மட்டும் எடுத்து மதிப்பிட்டால் கேட்க வேண்டியவை சில. தொட்டி கசிகிறதா? சுருளைத் தனியே மாற்ற முடியுமா? சார்ஜ் ஏறி முடிந்ததும் தானே நிற்குமா? போத்தல் மூடி குழந்தை திறக்க முடியாத வகையா? மேலே எழுதியிருக்கும் நிகோட்டின் அளவுதான் உள்ளேயும் இருக்கிறதா? முதல் நான்கையும் வாங்குபவர் கையில் எடுத்தே பார்த்துக்கொள்ளலாம். ஐந்தாவதை ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும். கருவியின் நன்மை தீமை பெரிதும் தங்கியிருப்பது அந்த ஐந்தாவதில்.

உலகச் சான்று எங்கே நிற்கிறது

வேப்புக்குச் சார்பாக எடுத்துக்காட்டப்படும் மிக வலுவான சோதனை, நமது கேள்விக்கும் மிக நெருக்கமானது. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையில் புகைத்தலை விட உதவி கேட்டு வந்த 886 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு நிரப்பிப் பாவிக்கும் வேப் கருவி. மற்றதுக்கு நிகோட்டின் பட்டி, சூயிங்கம் போன்ற மாற்று மருந்து. இரு பிரிவுக்கும் வாராவாரம் நேரில் ஆலோசனை. ஓராண்டு முடிவில் வேப் பிரிவில் 18 சதவீதத்தினர் சிகரெட்டை விட்டிருந்தனர்; மற்றப் பிரிவில் 9.9 சதவீதத்தினர். 2019இல் வெளியான இந்த முடிவு பல நாடுகளின் கொள்கைப் பேச்சைத் திருப்பியது. சோதனைகளைத் தொகுத்துப் பார்க்கும் கொக்ரேன் ஆய்வுக் குழுவும் சிகரெட்டை விடுவதில் நிகோட்டின் வேப் மாற்று மருந்துகளை விஞ்சுகிறது என்றே முடிவு கட்டியிருக்கிறது.

அதே சோதனையின் இன்னொரு எண்ணை வேப் ஆதரவாளர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. வேப்பால் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதத்தினர் ஓராண்டுக்குப் பிறகும் வேப்பைத் தொடர்ந்தார்கள். மாற்று மருந்தால் விட்டவர்களில் மருந்தைத் தொடர்ந்தவர்கள் 9 சதவீதம் மட்டுமே. வேப்பில் பலர் சிகரெட்டிலிருந்து வெளியே வந்தார்கள். நிகோட்டினிலிருந்து வந்தவர்கள் சிலரே.

தீங்கு பற்றிய கருத்தும் பிளவுபட்டதுதான். நீண்டகாலப் பாவனையில் வேப்பின் தீங்கு சிகரெட் தீங்கில் 5 சதவீதத்தைத் தாண்ட வாய்ப்பில்லை என்று லண்டன் ரோயல் மருத்துவர் கல்லூரி 2016இல் கணித்தது. 2019இல் அமெரிக்காவில் வேப் பாவித்தவர்களுக்கு நுரையீரல் பாதிப்பு அலையாக வந்தது. 2020 பெப்ரவரி வரை 2,807 பேர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டனர் அல்லது இறந்தனர். இறந்தவர்கள் 68 பேர். கஞ்சாச் சத்துத் திரவத்தில் கலந்த விற்றமின் ஈ அசெட்டேட்தான் முதன்மைக் காரணம் என்று தெரிந்தது. இதிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் கருவியைவிடத் திரவத்தைப் பற்றியது: எங்கே கலந்தது என்று தெரியாத திரவம் நுரையீரலுக்குள் போகக் கூடாது. உலக சுகாதார நிறுவனமோ, கடைப்பொருளாக விற்கப்படும் வேப்பைப் புகைத்தலை விடும் மருந்தாக ஏற்கவில்லை. பிள்ளைகள் இதற்குள் இழுக்கப்படுகிறார்கள் என்பதைக் காட்டி, கடும் கட்டுப்பாடு வேண்டும் என்று 2023 டிசம்பரில் நாடுகளிடம் கேட்டுக்கொண்டது.

இரண்டு தரப்பையும் சேர்த்து வாசித்தால் நிதானமான ஒரு முடிவு கிடைக்கிறது. சிகரெட்டை விட முடியாமல் தவிக்கும் வளர்ந்தவர், கண்காணிப்புள்ள சந்தையில் சோதித்த திரவத்தை வாங்கி, ஆலோசகர் துணையோடு சிகரெட்டை முழுதாக விட்டு வேப்புக்கு மாறினால் அவருக்கு நன்மை அதிகம். இந்த வாக்கியத்தில் உள்ள ஒவ்வொரு நிபந்தனையும் முக்கியம். ஒன்று கழன்றாலும் கணக்கு மாறும்.

சட்டம் என்ன சொல்கிறது

பிரித்தானியா நிரப்பும் வகையை அனுமதித்து, வீசும் வகையை 2025 ஜூன் 1 முதல் தடை செய்தது. அவுஸ்திரேலியா 2024 ஜூலை முதல் வேப் விற்பனையை மருந்தகங்களுக்குள் அடைத்தது. இந்தியா 2019இல் முதலில் அவசரச் சட்டமாகவும் பிறகு நாடாளுமன்றச் சட்டமாகவும் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் தடுத்தது. முதல் குற்றத்துக்கு ஓராண்டுச் சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம் வரை உண்டு.

இலங்கை 2003இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை ஏற்றது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையை உண்டாக்கியது. 2016இல் அச்சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதி மூன்று பொருட்களின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனையைத் தடுத்தது: புகையற்ற புகையிலைப் பொருட்கள், புகையிலை அடங்கிய வாசனைச் சிகரெட்டுகள், புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டுகள்.

தடை விதித்த பொருளுக்கு அரசு தரம் வகுக்காது. மில்லிலீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று சோதிக்காது. மூடி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லாது. பிரித்தானியச் சோதனை முடிவை இங்கு அப்படியே கொண்டுவர முடியாமல் போவதற்கு முதல் காரணம் இது. அங்கே நன்மையைத் தந்தவை கருவி, சோதித்த திரவம், ஆலோசகர் ஆகிய மூன்றும் சேர்ந்து. தோட்டத்துக்கு வந்து சேர்வது கருவி மட்டும்.

கண்ணுக்கெட்டிய இன்னொன்றையும் குறித்துக்கொள்ளலாம். அந்த ஒழுங்குவிதியின் பட்டியலில் புகையற்ற புகையிலையும் இருக்கிறது. இருந்தும் மலையகத்தில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலைத் துண்டும் கைமாறாத டவுன் கிடையாது.

உடப்புசல்லாவையில் நிகோட்டின் எந்த வழியில் வருகிறது

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை வழியாகப் போகும் பாதையில் இருக்கிறது உடப்புசல்லாவை. இலங்கைத் தேயிலையின் ஏழு பிரதேசங்களில் ஒன்று அதன் பெயரையே தாங்குகிறது. தோட்டங்கள் ஏறத்தாழ 950 முதல் 1,600 மீற்றர் உயரத்தில் கிடக்கின்றன. காலைப் பனி, மதியத்துக்கு மேல் மிலாறு குத்தும் சரிவு, மழைக்காலத்தில் அட்டை. அந்த மலையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் சிகரெட் பிடிப்பதில்லை. வெற்றிலை போடுவார்கள்.

நாடு தழுவிய கணக்கும் இதையே காட்டுகிறது. சுகாதார அமைச்சு 2015இல் நடத்திய தொற்றா நோய் ஆய்வில் புகைபிடிக்கும் ஆண்கள் நூற்றுக்குச் சுமார் 29 பேர்; பெண்களில் புகைப்பவர் ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். புகையற்ற புகையிலையை வாயில் போடுபவர்கள் ஆண்களில் சுமார் 26 பேர், பெண்களில் சுமார் 5 பேர்.

தோட்டத்தில் இந்தப் பழக்கம் நிலைத்ததற்கு வேலையின் அமைப்பே பெரிய காரணம். கொழுந்து பறிக்க இரண்டு கையும் வேண்டும். சிகரெட்டுக்கு ஒரு கையை எடுக்க வேண்டும், நின்று பற்றவைக்க வேண்டும், மழையில் நனையாமல் காக்க வேண்டும். கன்னத்தில் ஒதுக்கிய வெற்றிலைக்கு இவை எதுவும் வேண்டாம். பனியில் வாயைச் சூடாக்கும், பசியை அமர்த்தும், எட்ட நிற்கும் கங்காணிக்கும் தெரியாது. இடுப்பில் செருகிய சுருக்குப் பையிலிருந்து வெற்றிலையை எடுத்து, நரம்பு கிள்ளி, விரல் நுனியில் தொட்ட சுண்ணாம்பைத் தடவி, சீவிய பாக்கும் ஒரு துண்டுப் பொயலையும் வைத்து மடித்து வாயில் தள்ள அரை நிமிடம் போதும். வெத்தல போடாட்டி கை ஓடாது என்று சொல்வதில் வேலையின் உண்மையும் இருக்கிறது, நிகோட்டினின் பிடியும் இருக்கிறது. இளைய ஆண்களிடம் அதே பழக்கம் மாவா, பாபுல் என்ற பைக்கட்டுகளாக உருமாறியிருக்கிறது.

இந்தக் கூட்டில் சுண்ணாம்புக்கு ஒரு வேலை உண்டு. அது வாயில் காரத்தன்மையை ஏற்றி, நிகோட்டின் கன்னத்தின் உள்தோல் வழியாக விரைந்து இரத்தத்தில் சேர வழி செய்கிறது. வேப் திரவம் செய்கிறவர்கள் இதற்கு நேர் எதிரான வழியில் போயிருக்கிறார்கள். பென்சோயிக் அமிலம் சேர்த்து நிகோட்டினை உப்பு வடிவமாக்கி, அதிக அளவையும் தொண்டை காந்தாமல் நுரையீரலுக்குள் இறக்குகிறார்கள். ஒன்றுக்கு வழி கன்னம், மற்றதுக்கு வழி நுரையீரல். சேரும் இடம் ஒரே மூளை.

பாக்கு தனிக் கதை. அதில் உள்ள அரெக்கொலினும் பழக்கத்தைப் பிடித்துவைக்கும் பொருள். புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டையும் வெறும் பாக்கையும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் தொகுதிப் பொருட்கள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது. இலங்கை ஆண்களிடம் முன்னணியில் நிற்கும் புற்றுநோய் வாய்ப்புற்று. மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வாய்களைப் பரிசோதித்து 2007இல் வெளியான ஆய்வு, வாய்ப்புற்றையும் அதன் முன்னோடிப் புண்களையும் வெற்றிலைப் பழக்கத்தோடு தொடர்புபடுத்தியது.

இங்கேதான் வேப்பின் மூலாதாரமான வாதம் தளர்கிறது. எரிதலை நீக்கிவிட்டேன் என்பது அதன் பெருமை. வெற்றிலையில் எரிதலே இல்லை. வெற்றிலை போடுபவரின் வாய்க்குத் தீங்கு வருவது பாக்கிலிருந்தும் புகையிலையின் நைட்ரோசமைன்களிலிருந்தும். நிகோட்டினை வேறு வழியில் கொடுத்தாலும் பாக்கின் ஏக்கம் தீராது. அவர் வேப்பையும் இழுப்பார், வெற்றிலையும் போடுவார். வாயோடு நுரையீரலும் சேரும். தீங்கு குறைப்பு என்று தொடங்கியது தீங்குக் கூட்டல் என்று முடியும்.

கருவியை லயத்தில் வைத்துப் பார்த்தால்

சிகரெட் பிடிக்கும் ஆண்களின் நிலை வேறு. தேயிலைத் தொழிற்சாலையின் இரவு வேலைக்காரர், லொறி ஓட்டுநர், டவுன் கடைக்காரர் போன்றவர்கள் அவர்கள். அவர்களுக்கு இந்தக் கருவி பயன்படுமா என்று கேட்கலாம்.

மலை ஏறும்போதே முதல் சோதனை வருகிறது. 1,500 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் நிரப்பி மூடிய தொட்டிக்குள் அகப்பட்ட காற்று மேலே வரவர விரிந்து திரவத்தைத் தள்ளும். பஸ்ஸில் உடப்புசல்லாவை வந்து சேரும்போது சட்டைப்பை நனைந்திருக்கும். நிகோட்டின் தோல் வழியாகவும் உடலில் ஏறும் என்பதால் அந்த ஈரத்தை உடனே கழுவ வேண்டும். அடுத்தது குளிர். கிளிசரின் குளிரில் தடிக்கும், பஞ்சில் ஊறுவது தாமதிக்கும், பஞ்சு நனையுமுன் இழுத்தால் கருகல். பேட்டரியின் திறனும் குளிரில் குறையும்.

லயத்துக் காம்பராவின் இட நெருக்கடி எல்லாருக்கும் தெரிந்தது. சமையல், படிப்பு, தூக்கம் எல்லாம் ஒன்றிரண்டு அறைக்குள். பூட்டி வைக்க அலுமாரி இல்லாத வீட்டில் பழவாசனை வீசும் வண்ணப் போத்தலைக் குழந்தைக்கு எட்டாமல் எங்கே வைப்பது? லிதியம் பேட்டரியைப் பொருத்தமில்லாத சார்ஜரில், படுக்கைப் பக்கத்தில் இரவு முழுக்க விட்டால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. வரிசையாக ஒட்டிய லயத்தில் ஒரு காம்பராத் தீ ஒரு காம்பராவோடு நிற்காது.

செலவுக் கணக்குக்கு வருவோம். 2024 செப்டெம்பர் வர்த்தமானி தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலியை 1,350 ரூபாவாக நிர்ணயித்தது. முன்னணி வகைச் சிகரெட் ஒன்றின் விலை நூறு ரூபாயைத் தாண்டிப் போய்விட்டது. நாளுக்கு ஐந்து பிடிப்பவர் அந்தக் கூலியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புகையாக விடுகிறார். இந்த இடத்தில் வேப் மலிவாகத் தெரிவது உண்மை. ஆனால் சுருள் வாரக்கணக்கில்தான் உழைக்கும். தடைப் பொருளுக்கு நிலையான விலையும் இல்லை, நிலையான வரத்தும் இல்லை. திரவம் தீர்ந்த நாளில் பெட்டிக்கடையில் கிடைப்பது சிகரெட்தான். இரண்டையும் மாறிமாறிப் பாவிப்பவருக்கு வேப்பால் கிடைக்க வேண்டிய நன்மையில் பெரும் பகுதி போய்விடும்.

வெளியே வர இருக்கும் வழிகள்

நிகோட்டின் பட்டியும் சூயிங்கமும் 2009 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. அந்நிறுவனம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டி மாற்று மருந்தோடு வரெனிக்லின், புப்ரொப்பியோன், சைட்டிசின் ஆகியவற்றையும் ஆலோசனையோடு சேர்த்துப் பரிந்துரைக்கிறது. மெல்லும் புகையிலையை விட நினைப்பவருக்கும் அதில் இடமுண்டு. சிகரெட்டைப் பற்றிய ஆய்வுகளைப் போல வெற்றிலையை விடுவதற்கான ஆய்வுகள் குவியவில்லை. ஆனால் மருந்தில்லாமல் செய்யக்கூடியவையும் சில உண்டு: முதலில் பொயலையைக் கழிப்பது, பிறகு பாக்கைக் குறைப்பது, இரவில் கன்னத்தில் ஒதுக்கியபடி தூங்கும் பழக்கத்தை அன்றைக்கே நிறுத்துவது.

தேசிய அதிகார சபையின் 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் புகையிலையை விடுவதற்கு ஆலோசனை கிடைக்கும். தோட்ட வைத்திய உதவியாளர், பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளர், தொழிற்சங்கத் தலைவர் ஆகியோர் இந்த இலக்கத்தை மஸ்டர் களத்திலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் எழுதி வைத்தாலே பாதி வேலை முடியும்.

வாயைத் தானே பார்க்கும் பழக்கம் இன்னும் அவசரமானது. கண்ணாடி முன்னால் வெளிச்சத்தில் நின்று, கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், உதட்டின் உள்பக்கம் மூன்றையும் பாருங்கள். தேய்த்தாலும் போகாத வெள்ளை, சிவப்புப் படலமும், இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணும் அடையாளங்கள். சம்பல் கொஞ்சம் பட்டாலே எரிவதும், மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் விட முடியாதபடி வாய் இறுகுவதும் அடையாளங்களே. இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் வைத்தியரிடம் போக வேண்டும். வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது. இந்த நோய் தொடக்கத்தில் வலிப்பதில்லை.

தீர்ப்பு

நிரப்பிப் பாவிக்கும் சிறு வேப் கருவி, கண்காணிப்புள்ள நாட்டில் சிகரெட்டை விடத் துடிக்கும் வளர்ந்தவருக்குப் பயன்படலாம். லண்டனிலோ மெல்பேர்னிலோ இருக்கும் உறவினர் வைத்தியர் சொல்லி அதற்கு மாறி சிகரெட்டை அடியோடு விட்டிருந்தால் அவரைக் குறைசொல்ல வேண்டியதில்லை. அவர் அதைப் பார்சலில் ஊருக்கு அனுப்புவது வேறு விடயம். உடப்புசல்லாவையில் அது தடைச் சந்தையின் பொருள், சோதிக்காத திரவம், துணையில்லாத முயற்சி. வெற்றிலை போடுபவருக்கு அது பொருந்தவே பொருந்தாது. புகைபிடிப்பவருக்கு அதைவிடப் பாதுகாப்பான மாற்று மருந்து இருக்கிறது. இதுவரை எதையும் தொடாதவர் இதைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

தோட்டத்துச் சுகாதாரத்தில் அக்கறையுள்ள சங்கங்களும் கம்பனிகளும் அமைச்சும் செய்ய வேண்டியது ஒன்று: நிகோட்டின் மாற்று மருந்தையும் ஆண்டுக்கொரு வாய்ப் பரிசோதனையையும் தோட்ட ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுவாருங்கள்.